காலைத் தலைவலிக்கு ராத்திரியைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. "கண் முழிக்கும்போதே தலை கனக்குது டாக்டர், ஒன்பது மணிக்கு மேல தானாச் சரியாப் போயிடுது." என் கிளினிக்கில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வருகிறவர்களே காரணத்தையும் சொல்லிவிடுவார்கள்: பித்தம், தலையில் நீர் கோத்துக்கொண்டது, இல்லையென்றால் பிரஷர். பிரஷரைக் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 140, 150 என்று இருக்கிற பிரஷர் பெரும்பாலும் தலைவலி தராது, 180ஐத் தாண்டி எகிறும்போதுதான் தரும். தலை வலிக்கவில்லையே, பிரஷர் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

நான் முதலில் கேட்பது ராத்திரியைப் பற்றி.

ஒரு லாரி ஓட்டுநர் மனைவியோடு வந்திருந்தார். நல்ல பருமன், கழுத்து தடித்திருந்தது, சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. குறட்டை உண்டா என்று கேட்டேன், பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தெருவுக்கே கேக்கும் சார். அது கூடப் பரவாயில்லை, நடுவுல அப்படியே சத்தம் நின்னுடும், மூச்சே வராது. நான் பயந்து எழுந்து உட்கார்ந்து தோளைத் தட்டுவேன். அப்புறம் தண்ணிக்குள்ள முங்கி எழுந்தவர் மாதிரி ஹக்குன்னு ஒரு இழுப்பு இழுப்பார்." நோயின் பெயரைத் தவிர அவர் சொன்னதில் எல்லாமே இருந்தது.

அந்தப் பெயர் ஸ்லீப் ஏப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபட்டுப் போகிறது, ஒவ்வொரு முறையும் 10 விநாடியோ அதற்கு மேலோ. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, கார்பன் டை ஆக்சைடு ஏற, மூளை திடுக்கிட்டு ஆளை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது, அவருக்கு அது நினைவிலேயே இருக்காது. மணிக்கு 5 முறை இப்படி நடந்தாலே கவனிக்க வேண்டும், 30 முறைக்கு மேல் போனால் தீவிரம். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காதவர் மாதிரிதான் எழுவார். தலையின் இரண்டு பக்கமும் அழுத்துகிற மாதிரி வலிக்கும், நாலு மணி நேரத்துக்குள் போய்விடும். பகலில் கண் சொக்கும். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குக் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு எனக்கு அவர் தலைவலியைவிட அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

ஒரு இரவு கருவிகள் பொருத்தித் தூங்க வைத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, ராத்திரிக் குடியை விடுவது எல்லாம் உதவும். தேவைப்பட்டால் சிபாப் என்கிற கருவி, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். தயவுசெய்து நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், தொண்டை இன்னும் தளர்ந்துபோகும்.

சரி, அந்தச் சட்டைப் பை அட்டைக்கு வருவோம். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். ராத்திரி மருந்தின் வேகம் அடங்கியதும் விடியலில் வலி எழும், மறுபடி ஒன்று போடுவோம். இதை நிறுத்தும்போது சில நாள் வலி கூடத்தான் செய்யும், அதனால் மருத்துவரைக் கூட வைத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

காபியும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை நேரம் கழித்து எழுந்தால் மட்டும் வலிக்கிறது, ஒரு டம்ளர் உள்ளே போனதும் போய்விடுகிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எழும்போது தாடையும் நெற்றிப்பொட்டும் வலித்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் ராத்திரி வியர்த்து, கெட்ட கனவு கண்டு, தலைவலியோடு எழுந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூடிய இடத்தில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ ஓடி, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் வெளியே வந்துவிடுங்கள், அது விஷப்புகையாக இருக்கலாம்.

எல்லோரும் பயப்படுவது மூளைக் கட்டிக்கு. அது அபூர்வம். ஆனால் நாளுக்கு நாள் கூடுகிற வலி, வாந்தி, இருமினால் அதிகரிப்பது, பார்வை மங்குவது, கை கால் மரப்பது, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கிற வலி, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சட்டென்று இடி விழுந்த மாதிரி தலை வலித்தால் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போது குறட்டை விடுகிறவருக்குப் பக்கத்தில் படுக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி உங்கள் போனில் ஐந்து நிமிடம் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், நடுவில் நின்று போவதையும் சேர்த்து. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதைக் கொண்டு போங்கள், நீங்களும் கூடவே போங்கள்.