ஜூரி வருமுன்னே முடிந்துபோகும் வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் குற்ற வழக்கு என்றதும் பன்னிரண்டு ஜூரிகளும், அவர்கள் முன் வாதாடும் வக்கீலும்தான் நம் கண்முன் வருவார்கள். ஆனால் அந்தக் கட்டம் வரை போகும் வழக்குகள் மிகக் குறைவு. கூட்டாட்சி நீதிமன்றங்களின் தண்டனைகளில் 97 சதவீதமும், மாநில நீதிமன்றங்களின் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதியது. வழக்கின் போக்கைத் தீர்மானிப்பவை விசாரணைக்கு முந்தைய வாரங்கள். அவற்றைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன்.

அங்கே இரண்டு நீதிமன்ற அமைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இயங்குகின்றன. கொலை, திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது போன்றவை பெரும்பாலும் மாநில நீதிமன்றத்துக்குப் போகும். கூட்டாட்சி வரி ஏய்ப்பு, மாநில எல்லை தாண்டிய மோசடி போன்றவை கூட்டாட்சியின் 94 மாவட்ட நீதிமன்றங்களுக்குப் போகும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், நான் சொல்லும் நாள் கணக்குகள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு உரியவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவலில் வைத்து ஒருவரைக் கேள்வி கேட்கும் முன், பேசாமல் இருக்கும் உரிமையையும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் போலீஸ் சொல்லியாக வேண்டும். 1966-இன் மிராண்டா தீர்ப்பு இது. போலீஸ் அதைச் சொல்லத் தவறினால் வழக்கே விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வழக்கு விழாது, அந்தக் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதிலைக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாக அரசுத் தரப்பு வைக்க முடியாது, அவ்வளவுதான்.

வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும் என்பதும் தவறு. 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், ஒருவர் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பெரும்பாலும் பேசாமலே இருந்தார். கடைசியில், அந்தப் பையனைச் சுட்டதற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு வேண்டுகிறாயா என்று கேட்டபோது “ஆமாம்” என்றார். அந்த ஒரு சொல் சாட்சியமாக நின்றது. “வக்கீலிடம் பேசினால் நல்லதோ” என்ற அரைகுறைப் பேச்சும் உதவாது என்று 1994-லேயே தீர்ப்பாகிவிட்டது. “நான் பேச விரும்பவில்லை, எனக்கு வக்கீல் வேண்டும்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வாரண்ட் இல்லாத கைது என்றால், அதற்குப் போதிய காரணம் உண்டா என்பதைப் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை அதிகாரி ஒருவர் பார்க்க வேண்டும். முதல் முறை ஆஜராகும்போது குற்றச்சாட்டைச் சொல்வார்கள். சிறைத் தண்டனை வரக்கூடிய வழக்கில் வக்கீலுக்குப் பணமில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு.

பிறகு ஜாமீன். பல மாநிலங்களில் இது பணக் கணக்கு. 50,000 டாலர் ஜாமீன் என்றால், கலிஃபோர்னியாவில் முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கும் ஜாமீன் முகவருக்குப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5,000 டாலர் கட்ட வேண்டும். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் அந்தப் பணம் திரும்பாது. கட்ட முடியாதவர் உள்ளே இருப்பார். வேலை போகும், வாடகை நிற்கும். அந்த நேரத்தில், “குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்” என்ற பேரம் வந்தால், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ள மனம் வந்துவிடும். இந்த அமைப்பில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான். இல்லினாய் மாநிலம் 2023-இல் பண ஜாமீனையே ஒழித்தது.

பெரிய குற்றங்களுக்குக் குற்றச்சாட்டை உறுதி செய்வது கிராண்ட் ஜூரி. 16 முதல் 23 குடிமக்கள் ரகசியமாகக் கூடுவார்கள். அறையில் நீதிபதியோ எதிர்த்தரப்பு வக்கீலோ இருக்க மாட்டார்கள். 12 பேர் சம்மதித்தால் குற்றச்சாட்டு நிற்கும். கைதான 30 நாளுக்குள் இது முடிய வேண்டும். அதன்பின் 70 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். ஆனால் மனுக்கள் நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. அதனால்தான் 70 நாள் என்பது ஒரு வருடமாக நீள்கிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டையோ தண்டனையையோ குறைக்கலாம் என்று அரசுத் தரப்போடு நடக்கும் பேரம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஒப்புக்கொள்பவரை நீதிபதி சத்தியப் பிரமாணத்தோடு கேள்வி கேட்பார்: ஜூரி விசாரணை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது, பேசாமல் இருப்பது, எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பது புரிகிறதா என்று. மேல்முறையீட்டு உரிமையை விடுவதாகவும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். திருட்டுக் குற்றத்துக்கு ஒரு வருடத் தண்டனை விதிக்கப்பட்டால், அது முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டு ஒரு நாள்கூடச் சிறை போகாவிட்டாலும், குடியேற்றச் சட்டம் அதைக் கடும் குற்றமாக எண்ணி நாடுகடத்தலாம். 365 நாளா 364 நாளா என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை தொங்குகிறது. இந்த ஆபத்தைச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-இன் பாடில்லா தீர்ப்பு கூறுகிறது. நீங்கள் குடிமகன் இல்லை என்பதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விசாரணைக்குப் போனால் ஜூரி முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். 2020 முதல் பெரிய குற்றங்களுக்கு எல்லா மாநிலங்களிலும் அப்படித்தான். ஒருமனது வராவிட்டால் அரசு மறுபடி விசாரணை கேட்கலாம். விடுதலை என்றால் அரசுக்கு அப்பீல் கிடையாது.

தண்டனைக்கு முன் நன்னடத்தை அதிகாரி எழுதும் அறிக்கை 35 நாள் முன்னதாகக் கைக்கு வரும். பிழை இருந்தால் 14 நாளுக்குள் மறுக்க வேண்டும். அதே அறிக்கை சிறைக்கும் கூடவே போகும்.

தீர்ப்பு பதிவான நாளிலிருந்து மேல்முறையீட்டு அறிவிப்புக்கும் 14 நாள்தான். அந்த உரிமையை விட்டதாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நீங்கள் தாக்கல் செய்யச் சொல்லியும் வக்கீல் செய்யாமல் விட்டால் அது வக்கீலின் தவறு, உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே அதை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.