கடன் அடைந்த பிறகும் பாட்டு யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் இசை அன்பர்களே, வணக்கம்.

கையில் சிறு தொகையோடு இசை வாழ்வைத் தொடங்கும் ஒருவருக்குக் கடைசிவரை துணை நிற்பது இசை நிறுவனம் கொடுக்கும் பணமா, தன் பாட்டின் மீது தனக்குள்ள உரிமையா? இதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. உரிமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், "ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுக்கக்கூட வழியில்லாதவர், உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?" என்று கேட்டார். அவை கைதட்டியது. நியாயமான கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

1982ஆம் ஆண்டு. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அப்போதே பெரும் புகழோடு இருந்தவர். அடுத்த தொகுப்புக்கான பாடல்களை, மாதிரிக்காக, இசைக்குழு இல்லாமல் வீட்டில் அமர்ந்து, நான்கு ஒலித்தடம் கொண்ட ஒரு கேசட் ரெக்கார்டரில் பாடி வைத்தார். பிறகு இசைக்குழுவோடு கூடத்துக்குப் போய் அவற்றை மறுபடி பதிவு செய்து பார்த்தார். வீட்டுப் பதிவில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக வெளிவந்தது. அவருக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இருந்ததே என்று எதிரணி சொல்லும். இருந்தது. கூடமும் இருந்தது, பணமும் இருந்தது. அவை இருந்தும் கேசட்தான் வென்றது என்பதே என் வாதம்.

நிறுவனமே இல்லாத ஒருவரையும் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் தன் தந்தையின் காட்டுக் குடிலுக்குப் போய்க் குளிர்காலம் முழுக்கத் தங்கினார். கையிலிருந்த எளிய கருவிகளில் பதிவு செய்து, 2007இல் 'போன் ஈவேர்' என்ற பெயரில் தானே வெளியிட்டார். நிறுவனம் தேடி வந்தது அதற்குப் பிறகு.

இன்று ஒரு கணினி, ஒரு மைக், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் இருந்தால் தொடங்கிவிடலாம். அறையில் எதிரொலிக்கிறதா? கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பாடுங்கள். கையிலிருக்கும் சிறு தொகையை மிக்ஸிங், அதாவது குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் வேலை, நன்றாகத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். புது மைக் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது நிறுவனத்தின் பணத்துக்கு வருவோம், நடுவர் அவர்களே. முன்பணம் என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. வழக்கமான ஒப்பந்தத்தில் அது உங்கள் பங்கிலிருந்து மட்டுமே கழிக்கப்படும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஒரு கணக்குக்காக, முன்பணம் 100, வருவாயில் உங்கள் பங்கு நூற்றுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். பாட்டு 100 ஈட்டினால் நிறுவனம் தன் 85ஐ எடுத்துக்கொள்ளும். உங்கள் 15 கடனுக்குப் போகும். இன்னும் 85 பாக்கி என்று கணக்கு நிற்கும். பாட்டு ஏறத்தாழ 667 ஈட்டும்வரை புதிதாக ஒரு காசும் உங்கள் கைக்கு வராது. அதுவரை வந்தது முழுவதும் அவர்களிடமே இருக்கும். வீட்டுக் கடனை அடைத்தால் பத்திரம் நம் கைக்கு வந்துவிடும். இங்கே கடைசித் தவணை கட்டிய பிறகும் பதிவின் உரிமை என்ற பத்திரம் பெரும்பாலும் கொடுத்தவரிடமே இருக்கிறது!

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பதின்ம வயதில் ஒப்பந்தம் போட்டவர். 2019இல் அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மூலப் பதிவுகள், அதாவது அசல் ஒலிப்பதிவுகள், அவர் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறின. பாடல்களை எழுதிய உரிமை அவரிடம் இருந்ததால், 2021 முதல் பழைய தொகுப்புகளில் நான்கை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டார். மூலப் பதிவுகளை அவர் விலை கொடுத்து மீட்டது 2025இல்தான். அவரால் முடிந்தது. சிறு முதலோடு தொடங்கும் ஒருவர் எதைக் கொண்டு மீட்பார்?

எங்கள் அணிக்குச் சங்கடமான உண்மையையும் நானே சொல்லிவிடுகிறேன். உரிமை மட்டும் உலையில் அரிசி போடாது. ஸ்பாட்டிஃபை தளத்தில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாவிட்டால், 2024 முதல் அந்த ஒலிப்பதிவுக்கு வருவாய்ப் பங்கு கிடையாது. தொடங்குபவர்களை இது வாட்டுகிறது. ஆனால் வழி அது ஒன்றுதானா? பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் நீங்களே விலை வைத்து விற்றால், டிஜிட்டல் விற்பனையில் தளம் நூற்றுக்கு 15 எடுத்துக்கொள்ளும். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி உங்களுக்கு. நான் கணக்குக்குச் சொன்ன ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு என்னவோ, இங்கே தளத்தின் பங்கு அது. நூறு பேர் மனம் விரும்பி வாங்கினால், அந்த நூறு பேரை உங்களுக்குத் தெரியும். அடுத்த பாட்டு வந்ததும் அவர்களுக்கு நீங்களே கடிதம் எழுதலாம். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாட்டை அவர்களுக்கு விற்பதற்கே அடுத்தவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்லி முடிக்கிறேன். நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். மெட்டு என்னுடையது, வரிகள் அவருடையவை. இரவு முழுக்க விழித்து, போர்வைக்குள் தலையை விட்டுப் பாடிய பதிவு. செலவு அநேகமாக ஒன்றுமில்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாமா என்று அன்று எனக்குத் தோன்றியது. நட்புக்கு நடுவே தாள் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பங்கில் மனத்தாங்கல் வந்தது. பேசித் தீர்க்க முடியவில்லை.

நடுவர் அவர்களே, அந்தப் பாட்டு இன்றும் என் கணினியில் இருக்கிறது. நான் செய்தவற்றில் அதுவே சிறந்தது. நல்ல மைக் இன்று என்னிடம் இருக்கிறது, கூடத்துக்கு வாடகை கொடுக்கப் பணமும் இருக்கிறது. இருந்தும் அதை வெளியிட முடியவில்லை.

நன்றி, வணக்கம்.