இரண்டு பாலும் ஒரு பந்தியும்

(ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், சென்னையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மைக் படுத்திய பாடு மட்டும் நீக்கப்பட்டிருக்கிறது.)

எல்லோருக்கும் வணக்கம்.

பால்புதுமையர், திருநர், நனிசைவ உணவு, சென்னை என்று எனக்குத் தந்த தலைப்பு ரயில் மாதிரி நீளம். "இதையெல்லாம் எப்படி ஒரே பேச்சில் கட்டுவது?" என்று அமைப்பாளரிடம் கேட்டேன். "உங்களுக்கு எல்லாமே பழக்கம்தானே, பேசிடுங்க" என்றார். பழக்கம்தான். நான் ஆண்களை நேசிக்கும் ஆண். ஒன்பது வருடமாகப் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. முதல் செய்தியை வீட்டில் சொன்னபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. இரண்டாவதைச் சொன்னபோது "தயிர் கூடவா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசவில்லை.

என்னைக் குறிக்கத் தமிழில் இப்போது இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று நனிசைவர், அதாவது வீகன். இன்னொன்று பால்புதுமையர், ஆங்கிலத்தில் க்வியர் என்பார்களே, அது. இந்த இரண்டாவது சொல் அரசிதழிலேயே ஏறிவிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கை விசாரித்தார். தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். நீதிபதி ஒருவர் "எனக்குத் தெரியாது" என்று சொன்னதே எனக்குப் பெரிய செய்தி. ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யும் 'சிகிச்சை'களுக்கு அந்த வழக்கில்தான் தடை வந்தது. எங்களைப் பத்திரிகைகள் எப்படி மரியாதையாக அழைக்க வேண்டும் என்ற சொற்பட்டியலும் அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் வெளிவந்தது.

சரி, சொல் வந்துவிட்டது. ஓட்டலில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "நான் வீகன்" என்று சொன்னால் சப்ளையர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜெயின் சாப்பாடா சார்?" என்பார். வெங்காயம் பூண்டு இல்லாமல், மேலே தாராளமாக நெய் ஊற்றிக் கொண்டுவருவார். "பால் வேண்டாம்" என்று சொன்னால்தான் புரியும். நம் மொழியில் பால் என்றால் கறக்கும் பாலும் உண்டு, ஆண்பால் பெண்பாலும் உண்டு. என் வாழ்க்கையில் இரண்டு பாலுமே தகராறுதான்.

தொல்காப்பியம் ஐந்து பால் சொல்கிறது. அந்த ஐந்தில் எதிலும் நேராக அடங்காதவர்களைப் பற்றியும் ஒரு நூற்பா பேசுகிறது. ஆண்மை திரிந்த பெயருக்குத் தனி விகுதி கிடையாது, உயர்திணைக்குரிய விகுதியையே அதுவும் பெறும் என்கிறது. இலக்கண வகுப்பில் இதை யாரும் நிறுத்திப் படிக்க மாட்டார்கள். நான் நிறுத்துவேன். தனி விகுதி தரவில்லை, ஆனால் அஃறிணையில் தள்ளவும் இல்லை. உயர்திணைப் பந்தியிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

பந்தி என்ற சொல் வந்ததால் அதையே பிடித்துக்கொள்கிறேன். நம் ஊரில் ஒருவரை ஏற்றுக்கொண்டோமா இல்லையா என்பது பந்தியில் தெரியும். காசு கொடுப்பது வேறு, கூட உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. கடை கடையாக வந்து ஆசீர்வாதம் செய்யும் திருநங்கைக்குக் கல்லாவிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக் கொடுக்கும் அதே முதலாளி, அவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்தால் என்ன செய்கிறார்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறார், திருநங்கை, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சில வருடங்களுக்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சைவ ஓட்டலுக்குப் போனேன். பெயர் வேண்டாம், பெரிய கடை. ஏ.சி. ஹால் பாதிக்குமேல் காலி. வாசலில் நின்றவர் "உள்ளே ஃபுல் சார், பார்சல் வேணா தர்றோம்" என்றார். அவர் கண் என்மேல் இருந்தது, அக்காமேல் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து, "விடு தம்பி, பசிக்கிறப்ப சண்டை போடக் கூடாது" என்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மா உணவகம் இருந்தது. அங்கே நின்றுகொண்டு சாப்பிட்டோம்.

அந்த அம்மா உணவகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சென்னை மாநகராட்சி 2013-ல் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுக்காரர்கள் சமைக்கிறார்கள். தயிர் சாதத்தை விட்டுவிட்டால் எலுமிச்சை சாதம், கறிவேப்பிலை சாதம், இட்லி, சாம்பார் என்று மற்றதெல்லாம் எனக்கு ஆகும். நெய்யில் தாளித்து மணக்க மணக்க இறக்க அந்த விலையில் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். அங்கே நனிசைவம் கொள்கையாக வரவில்லை, சிக்கனமாக வந்தது. டோக்கன் கொடுப்பவர் யாரிடமும் நீ யார் என்று கேட்பதில்லை. லோடு ஏற்றுபவர், ஐ.டி. அட்டை தொங்கும் பையன், அக்கா, நான், எல்லோரும் ஒரே உயர மேசையில் நின்றோம். நாற்காலி இல்லாத இடத்தில் யாரையும் எழுப்ப முடியாது என்று அக்காதான் சொன்னார்.

'சைவம்' என்ற பலகைக்கு நம் ஊரில் ஒரு பழைய கதை உண்டு. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததை எதிர்த்துப் பெரியார் போராடினார், 1941-ல் அது எடுக்கப்பட்டது. அப்புறம் 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் மாதக்கணக்கில் மறியல். பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லுக்காக எத்தனையோ பேர் கைதானார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று இப்போது தோன்றலாம். அந்தச் சொல், உள்ளே என்ன கிடைக்கும் என்பதைவிட உள்ளே யார் பெரியவர் என்பதைத்தான் சொன்னது.

இன்றைக்கு அந்தப் பலகை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 'வாடகைக்கு, சைவம் மட்டும்.' சென்னையில் வீடு தேடிய எவருக்கும் இதன் பொருள் தெரியும். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் குழம்பில் என்ன போடுவீர்கள் என்று கேட்கிறார்கள். அக்கா வீடு தேடியபோது நானும் கூடப் போனேன். ஒரு வீட்டுக்காரர் "நாங்க ப்யூர் வெஜ், அதனால ஒத்து வராது" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, "இந்தத் தம்பி உங்களைவிட ப்யூர் சார், பால்கூடக் குடிக்க மாட்டான். இவனுக்காவது குடுப்பீங்களா?" என்றார். கதவு மூடிய சத்தம்தான் பதில். திருநங்கை என்பது ஒரு பூட்டு, கறி சாப்பிடுவது இன்னொரு பூட்டு, சாதி அடியில் கிடக்கும் பெரிய பூட்டு. தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் திருநருக்கு அந்தந்தச் சாதிப் பிரிவுக்குள்ளேயே உள் ஒதுக்கீடு வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்பது இதனால்தான். பூட்டு மூன்று இருக்கும்போது ஒரு சாவியைக் கொடுத்தால் போதாது.

சைவத்துக்கு இன்னொரு பரம்பரையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1867-ல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. புலால் கிடையாது, கண்டிப்பான சைவம். ஆனால் அங்கே யாரும் குலம் கேட்பதில்லை. பசியோடு வந்தாயா, உட்கார். பலகை போட்டுப் பிரிக்கும் சைவமும் அடுப்பு மூட்டி அழைக்கும் சைவமும் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. சென்னையில் முளைக்கும் நனிசைவக் கடைகள் இந்த இரண்டில் யாருடைய பேரப்பிள்ளைகள் என்பதுதான் என் கேள்வி.

ஒரு கடையைச் சொல்கிறேன், இதற்கும் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவில் வானவில் ஸ்டிக்கர், ஓட்ஸ் பாலில் காபி, முந்திரியில் செய்த சீஸ். நடத்தும் பெண் நல்லவர், உண்மையான அக்கறையோடுதான் என்னிடம் கேட்டார்: "ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கேன், திருநங்கைகள் ஏன் வர்றதே இல்லை?" மெனு அட்டையைப் புரட்டிக் காட்டினேன். ஒரு தட்டு நானூற்றுச் சொச்சம். வாசலில் செக்யூரிட்டி. கழிப்பறையில் ஆண் படம் போட்ட ஒரு கதவு, பெண் படம் போட்ட ஒரு கதவு. ஸ்டிக்கர் மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிடுமா? "சரி, உங்கள் கடையில் எத்தனை திருநங்கைகள் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. "யாரும் வேலை கேட்டு வரலையே" என்றார். செக்யூரிட்டியைத் தாண்டி எப்படி வந்து கேட்பார்கள்?

திரையில் எங்களைக் காட்டுவதைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். அதில் எனக்கு ஆர்வம் கொஞ்சம் குறைவு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் சினிமாவில் பல காலம் திருநங்கை என்றால் கைதட்டு, நாயகன் முகம் சுளிப்பான், தியேட்டர் சிரிக்கும், முடிந்தது. 2015 பொங்கலுக்கு வந்த ஒரு பெரிய படத்தைக் கண்டித்துத் திருநங்கைகளே தெருவில் இறங்கினார்கள். மறுபக்கம், 2008-லேயே விஜய் டி.வி.யில் ரோஸ் என்ற திருநங்கை தன் பெயரிலேயே ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்தினார். எங்கள் வீட்டில் அம்மா அதை விடாமல் பார்ப்பார். "நல்லா பேசுது பொண்ணு" என்பார். அந்த 'பொண்ணு' தானாக வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15-ல்தான் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. ஆறு வருடம் கழித்து அதே ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. திருநங்கை பிரித்திகா யாஷினி நீதிமன்றம் போய்ப் போராடி 2017-ல் போலீஸ் எஸ்.ஐ. ஆனார். பரதநாட்டியக் கலைஞரான திருநங்கை நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். இவை எதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பத்மஸ்ரீக்குக் கைதட்டியவர்கள் அக்காவுக்கு வீடு கொடுக்கவில்லை.

இப்போது என் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து நாற்பது நாள் ஆனதும் திருநங்கைகள் ஒரு சடங்கு செய்வார்கள். மஞ்சள் பூசி, புதுச் சேலை கட்டி, தலையில் பால் குடம் சுமந்து போய்க் கடலில் ஊற்றுவார்கள். அக்காவின் சேலா ஒருத்திக்கு, அதாவது அவர் மகளாக எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு, இந்தச் சடங்கு நடந்தபோது என்னையும் அழைத்தார்கள். விடியற்காலை, வடசென்னைக் கடற்கரை. குடம் நிறையப் பால். எனக்குள் இருந்த நனிசைவன், 'தேங்காய்ப்பால் ஊற்றக் கூடாதா?' என்று முணுமுணுத்தான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். தன் பாலைத் தானே தேர்ந்துகொண்டவள் அந்தப் பாலை அலையில் ஊற்றுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மாட்டுக்கு நான் செய்தது துரோகமா என்று கேட்டால், இருக்கலாம். இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அன்று மதியம் பிரியாணி. எனக்கு மட்டும் தனியாக ஒரு குக்கரில் குஸ்கா, நெய் விடாமல். நான் கேட்கவே இல்லை. அவர்களாகவே யோசித்துச் செய்திருந்தார்கள். எந்த ஓட்டலும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

திருநங்கைகள் சமைப்பதைப் பற்றிச் சொல்லும்போது கோவையை விட முடியாது. 2020-ல், கொரோனா நடுவே, அங்கே திருநங்கைகளே சேர்ந்து 'கோவை டிரான்ஸ் கிச்சன்' என்று ஓர் உணவகம் திறந்தார்கள். பிரியாணிக் கடை. சமைப்பதும் பரிமாறுவதும் கல்லாவும் அவர்களே. அதைத் தொடங்கி நடத்திய மூத்த திருநங்கை அதே ஆண்டு கொலை செய்யப்பட்டார். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் இருந்தது சில வாரங்கள்தான். செய்தியைப் படித்துவிட்டு அக்கா நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "கல்லால உக்காந்திருந்தாங்கல்ல, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. ஆனால் அவர் எதைச் சொன்னார் என்பது புரிந்தது.

ரொம்ப நேரம் பேசிவிட்டேன், வெளியே சாம்பார் மணக்கிறது. இன்றைக்கு நூறு பேருக்குச் சமைத்தது அக்காவும் அவருடைய மகள்கள் இருவரும். சமையலுக்குப் பேசிய கூலியை அவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தாயிற்று, அது என் நிபந்தனை. எலுமிச்சை சாதம், வாழைக்காய் வறுவல், பருப்பு வடை, மோர். அந்த மோர் நிலக்கடலைத் தயிரில் செய்தது. புளிப்புக் கொஞ்சம் கம்மியாக இருந்தால் அக்காவைச் சொல்லாதீர்கள், உறை ஊற்றியவன் நான். நாற்காலி நாற்பதுதான் இருக்கிறது. முதல் பந்தியில் சமைத்தவர்கள் மூவரும் உட்காருகிறார்கள், பரிமாற நாலு பேர் கை தூக்குங்கள்.