நரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை மகளிடம் நான் தோற்ற கதையிலிருந்து தொடங்குகிறேன். அவளுக்கு நாலு வயது, எழுத்து தெரியாது. பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோசிஸ் வாக்' புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். 1968-ல் வந்தது. மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். ரோசி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போர் ஏறி, இன்னும் எங்கெங்கோ நடந்து, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. அரை நிமிடத்தில் முடித்துப் புத்தகத்தை மூடினேன். "மாமா, நரி?" என்றாள்.

எந்த நரி? அந்த 32 சொற்களில் நரியே கிடையாது. ஆனால் படத்தில் பக்கத்துக்குப் பக்கம் கோழியின் பின்னால் பாய்ந்துகொண்டே இருக்கிறது! என் கண் எழுத்திலேயே ஓடிவிட்டது. அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் பாய்ச்சலைப் பாருங்கள். நரி அந்தரத்தில் நிற்கிறது. அது விழப்போகிற இடத்தில் சருகு வாரும் நீளக் கோல், பல் மேலே பார்த்துக் கிடக்கிறது. பக்கத்தைப் புரட்டும் முன்பே குழந்தை சிரித்துவிடும். அடுத்த பக்கத்தில் எழுத்தே இல்லை. கோலின் கைப்பிடி நரியின் மூஞ்சியில். நாமோ குறுக்கே புகுந்து "இது என்ன நிறம், சொல்லு?" என்று பரீட்சை வைக்கிறோம்.

படத்தின் அளவுகூடப் பேசும். மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்', 1963. அம்மாவிடம் திட்டு வாங்கி அறையில் அடைபட்ட மேக்ஸின் கதை. ஆரம்பத்தில் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. அறைக்குள் காடு வளர வளரப் படமும் வளர்கிறது. பூதங்களோடு அவன் கூத்தடிக்கும்போது எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்த மூன்று விரிப்புகள் முழுக்கப் படம்தான், எழுத்துக்கு இடமே இல்லை. வீடு திரும்பினால் சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறதாம். அந்தக் கடைசி வரிக்குப் படமே கிடையாது.

சரி, ரோசிக்கு வருவோம். ஆலைக்குப் பக்கத்தில் நடக்கும்போது மாவு மூட்டையின் கயிறு அவள் காலில் மாட்டியிருக்கிறது. மாவு மொத்தமும் நரியின் தலையில். தெரியாமல் மாட்டியதா, தெரிந்தே இழுத்தாளா? ரோசி ஒரு பக்கத்திலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தங்கை மகளிடமே கேட்டேன்.

"அவளுக்குத் தெரியும் மாமா. தெரியாத மாதிரி நடக்கிறா."