பெண் பிறந்தது என்று எழுதிய ஆமை ஓடு

அவையோர் அனைவருக்கும் மாலை வணக்கம்.

சீனா போய்வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். பெருஞ்சுவர் பார்த்தீர்களா? சுடுமண் வீரர்களைப் பார்த்தீர்களா? இந்த முறை இரண்டுக்கும் நான் போகவில்லை. ஆன்யாங் போனேன். என் மகள் பெய்ஜிங்கில் படிக்கிறாள், சீனம் வாசிப்பாள். அவள் துணையில்லாமல் இந்தப் பயணம் எனக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது.

பெய்ஜிங்கிலிருந்து தெற்கே, அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹெனான் மாநிலத்தின் வடக்கு ஓரம். வழியெல்லாம் தட்டையான கோதுமை வயல். நகரத்துக்கு வடமேற்கே ஹுவான் என்று ஓர் ஆறு வளைந்து ஓடுகிறது. அந்த வளைவில் ஷியாவ்துன் என்ற சிறு கிராமம். அங்கேதான் யின்ஷூ இருக்கிறது. 'யின்னின் இடிபாடு' என்று பொருள். ஷாங் வம்சத்து அரசர்களின் கடைசித் தலைநகரம் அது. இன்றைக்குச் சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் அங்கிருந்து ஆண்டார்கள். கி.மு. 1046 வாக்கில் சோவ் அரசர்களிடம் தோற்றார்கள். அப்புறம் அரண்மனை மண்ணாகி, மண் வயலாகிவிட்டது.

போகிறவர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் பழைய கட்டடம் ஒன்றுகூட அங்கே இல்லை. அவர்கள் கல்லில் கட்டவில்லை. மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி மேடை எழுப்பி, அதன் மேல் மரத்தூண் நட்டுக் கூரை வேய்ந்தார்கள். மரம் மக்கிப்போய்விட்டது. தூண் நின்ற இடங்களுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் புல். "இவ்வளவுதானாப்பா?" என்று என் மகளே கேட்டாள். அன்று சாயங்காலம் மூடும் நேரம்வரை அங்கிருந்து கிளம்ப மறுத்தவளும் அவள்தான்.

இந்த இடத்தை உலகம் கண்டுகொண்டதே ஒரு மருந்துச் சரக்கால்தான். சீன நாட்டு மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று ஒன்றை விற்பார்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய எலும்பு, பொடி செய்து மருந்தில் சேர்ப்பது. ஷியாவ்துன் விவசாயிகள் உழும்போது கிடைத்த எலும்புகளைப் பல காலமாக இப்படி விற்றுவந்தார்கள். சிலவற்றில் கீறல் கீறலாக ஏதோ இருக்கும். கீறல் இருந்தால் கடைக்காரர் எடுக்கமாட்டார் என்று அதைச் சுரண்டிவிட்டு விற்றதாகச் சொல்கிறார்கள். எத்தனை ஆயிரம் வரிகள் இப்படிக் கஷாயமாகக் கரைந்து போயினவோ! நினைத்தால் வயிறு எரிகிறது.

1899-இல் பெய்ஜிங்கில் வாங் யிரோங் என்ற அறிஞர், அரசக் கல்விச்சாலையின் தலைவர், அந்தக் கீறல்கள் எழுத்து என்று கண்டுகொண்டார். அவருக்குக் காய்ச்சல் வந்தது, வாங்கிவந்த மருந்தில் எழுத்தைப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அது பின்னால் சேர்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் ஆயிரத்துக்கும் மேல் எலும்புகளை அவர் தேடித்தேடி வாங்கினார் என்பது உண்மை. அவற்றைப் படித்து முடிக்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. 1900-இல் அந்நியப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது கிணற்றில் விழுந்து உயிரை விட்டார். எலும்பு எங்கிருந்து வருகிறது என்பதை வியாபாரிகள் சொல்லவே இல்லை. லுவோ சென்யூ என்பவர் 1908-இல்தான் ஷியாவ்துன் என்ற பெயரைத் தெரிந்துகொண்டார். முறையான அகழாய்வு 1928-இல் ஆரம்பித்தது. 1937-இல் போர் வந்து நிறுத்தும்வரை 15 பருவங்கள் தோண்டினார்கள்.

சரி, அந்த எலும்புகளில் என்னதான் எழுதியிருக்கிறது? கேள்விகள்!

ஆமையின் வயிற்றுப்புற ஓட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ எடுத்துச் சுத்தம் செய்து வழவழப்பாக்குவார்கள். பின்பக்கம் வரிசையாகக் குழி குடைவார்கள். கேள்வியைச் சொல்லிக்கொண்டே, தணல் பிடித்த குச்சியைக் குழியில் வைத்து அழுத்துவார்கள். முன்பக்கம் படக்கென்று விரிசல் விழும். ஒரு நேர்க்கோடு, அதன் இடுப்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு சிறு கிளை. 'குறி பார்த்தல்' என்பதற்குச் சீனர்கள் இன்றைக்கும் எழுதும் எழுத்தைப் பாருங்கள், அப்படியே இந்த விரிசலின் படம்தான். அந்தச் சொல்லின் ஒலிகூட ஓடு வெடிக்கும் சத்தத்திலிருந்து வந்தது என்பார்கள்.

ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்பார்கள். மழை வரும். மழை வராது. ஓட்டின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நம் ஊர்க் கோயிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்க்கிறோமே, அந்த மனசுதான். பிறகு நாளையும் குறி பார்த்தவர் பெயரையும் கேள்வியையும் ஓட்டிலேயே செதுக்கி வைப்பார்கள். சிலவற்றில் அரசர் சொன்ன பலனும் இருக்கும். அபூர்வமாக, கடைசியில் என்ன நடந்தது என்பதும் இருக்கும்.

அரசர் வூ டிங், கி.மு. 1250 வாக்கில் ஆண்டவர். அவர் கேட்டு வைத்ததுதான் நிறைய. விளைச்சல், போர், வேட்டை, கெட்ட கனவு எல்லாம் கேட்டிருக்கிறார். பல் வலித்தால், எந்த முன்னோர் கோபப்பட்டு இதைத் தருகிறார் என்றுகூடக் கேட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய அரசருக்கும் பல்வலி பல்வலிதான்!

இன்னொன்று. சிமா சியென் என்ற வரலாற்றாசிரியர், ஷாங் அரசு விழுந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, அதன் அரசர்களின் பெயர் வரிசையை எழுதி வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரும் அதைப் புராணம் என்று ஒதுக்கினார்கள். 1917-இல் வாங் குவோவெய் என்ற அறிஞர் எலும்புகளில் இருந்த பெயர்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சில இடறல்களைத் தவிர, பட்டியல் சரியாகவே இருந்தது.

1936-இல் ஒரு குழி கிடைத்தது. ஒய்.எச். 127 என்று அதற்கு எண். அந்தப் பருவத்து வேலையை முடிக்கிற நேரத்தில் தென்பட்டது. தோண்டத் தோண்ட ஆமை ஓடு. ஒவ்வொன்றாக எடுத்து மாளாது என்று மண்ணோடு ஒரே கட்டியாக வெட்டித் தூக்கி, பெட்டியில் அடைத்து நான்ஜிங் அனுப்பினார்கள். பிரித்து எண்ணியபோது 17,096 துண்டுகள். பின்னால் அவை தைவானுக்குப் போய்விட்டன. ஆன்யாங்கில் இப்போது அந்தக் குழியின் மாதிரியைத்தான் பார்க்க முடியும்.

அங்கே ஒரு நகலுக்கு முன்னால் என் மகள் நின்றுவிட்டாள். பக்கத்தில் இன்றைய சீன எழுத்தில் பெயர்த்து எழுதியிருந்தார்கள். விரலை வைத்து வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். 'ஃபூ ஹாவ் பிள்ளை பெறப்போகிறாள். நல்லபடியாக முடியுமா? அரசர் விரிசலைப் பார்த்துச் சொன்னார்: டிங் நாளில் பெற்றால் நல்லது. கெங் நாளில் பெற்றால் மிக நல்லது.' டிங், கெங் என்பவை அவர்கள் நாட்களுக்கு வைத்த பெயர்கள். அப்புறம் நடந்ததை எழுதியிருக்கிறார்கள். 'முப்பத்தோராம் நாள், ஜியாயின் நாளில் பெற்றாள். நல்லதாக முடியவில்லை. பெண்.'

'பெண்' என்பதோடு வரி முடிந்துவிடுகிறது. என் மகள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த ஃபூ ஹாவ் யார்? வூ டிங்கின் மனைவியரில் ஒருத்தி. அவள் பெயர் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக் குறிப்புகளில் வருகிறது. ஒரு குறிப்பில் அவள் மூவாயிரம் பேரையும், மேலும் பத்தாயிரம் பேரையும் திரட்டிப் போருக்குப் போகிறாள். பூசை நடத்துகிறாள். நோய்வாய்ப்படுகிறாள். அரசர் அவளுக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவள் செத்த பிறகும் கேட்கிறார். மறு உலகத்தில் என் முன்னோர் யாராவது அவளைத் தம் மனைவியாக எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கும் ஓடுகள் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் ஏட்டில் வந்த வரலாற்றில் அவள் பெயர் இல்லை. அரசர்களை வரிசையாக எழுதிய சிமா சியென் அவளை எழுதவில்லை.

இப்போது 1976-க்கு வாருங்கள். ஆன்யாங்கில் அகழாய்வுப் பொறுப்பில் இருந்தவர் செங் சென்சியாங் என்ற பெண்மணி. ஷியாவ்துன் பக்கத்தில் ஒரு மேட்டைச் சமன்படுத்தி வயலாக்கக் கிராமத்தார் திட்டமிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் பார்த்துவிடுவோம் என்று இவர் இறங்கினார். லோயாங் மண்வாரி என்று ஒரு கருவி இருக்கிறது. பாதி மூங்கிலைப் போல வளைந்த இரும்பு அலகு, நீளமான கழி. கல்லறைத் திருடர்கள் கண்டுபிடித்தது. தரையில் குத்தி எடுத்தால் ஆழத்து மண் அலகில் ஒட்டி வரும். குத்தினார்கள். திமிசு போட்ட மண் வந்தது. இன்னும் கீழே, அதே மண். ஆறு மீட்டர் போன பிறகும் அதே மண். ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். செங் விடவில்லை. வெறும் வீட்டு அடித்தளத்துக்கு இவ்வளவு ஆழம் தேவையில்லையே என்பது அவர் கணக்கு. மேலும் குத்தினார்கள். திடீரென்று கழி சறுக்கி உள்ளே இறங்கியது. மேலே இழுத்தபோது அலகில் சொதசொதவென்று ஈர மண், அதில் சிவப்பு அரக்குப் பூச்சு. கூடவே, ஜேடு என்ற மணிக்கல்லில் செய்த ஒரு சின்ன மணி.

ஃபூ ஹாவின் கல்லறை. மேலே ஒரு கட்டடம் எழுப்பியிருந்ததால் மூவாயிரம் ஆண்டுகளாக எந்தத் திருடன் கையும் படாத கல்லறை. ஆற்றுக்கு வடக்கே இருக்கும் அரசர்களின் பெரிய கல்லறைகளை எல்லாம் எப்போதோ கொள்ளையடித்துவிட்டார்கள். 5.6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள இந்தக் குழி மட்டும் தப்பியது. நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருந்ததால் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே, சேற்றில் கைவிட்டுத் துழாவி எடுத்தார்கள். 1,928 பொருட்கள். அதில் வெண்கலம் 468, ஜேடு 755. போதாததற்கு ஏறத்தாழ 6,900 சோழிகள். வெண்கலத்தில் 109 பொருட்களில் 'ஃபூ ஹாவ்' என்று பெயர் வார்த்திருந்தது. எலும்பில் படித்த பெயரும் கல்லறையில் கிடைத்த பெயரும் ஒன்றாகிப்போன நாள் அது. அவள் உடல் மட்டும் இல்லை, நீரில் கரைந்துபோய்விட்டது.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவளோடு 16 மனிதர்களும் 6 நாய்களும் அந்தக் குழியில் இருந்தன. ஷாங் அரசர்கள் முன்னோருக்கு மனிதர்களைப் பலியிட்டார்கள். எத்தனை பேரைப் பலியிடலாம் என்ற கேள்வியும் ஆமை ஓட்டில் இருக்கிறது, மழை பற்றிய கேள்வி இருக்கும் அதே கையெழுத்தில். அகழாய்வில் ஒரு வெண்கலப் பாத்திரம் கிடைத்திருக்கிறது. கீழே தண்ணீர், நடுவில் துளைத்தட்டு, மேலே அவிக்க வேண்டியதை வைப்பது. அதற்குள் ஒரு மண்டையோடு இருந்தது. ஒரு சிறுபெண்ணுடையது என்கிறார்கள். வெண்கல வேலையின் அழகைச் சொல்லிவிட்டு இந்தப் பெண்ணைச் சொல்லாமல் போக என்னால் ஆகவில்லை. ஃபூ ஹாவின் பெயராவது மிஞ்சியது. இவளுக்கு அதுவும் இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் திறந்தது. வெண்கல நிறத்தில் பெரிய சதுர அண்டாவை நினைவுபடுத்தும் கட்டடம், உள்ளே ஏறத்தாழ 4,000 பொருட்கள். மண்ணில் அச்சாகப் பதிந்த ரதங்களும் குதிரை எலும்புகளும் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் போதாது. செங் சென்சியாங் அது திறந்த அடுத்த மாதம் காலமானார், 95 வயதில்.

எலும்பு எழுத்துகளில் சுமார் 4,500 வேறுபட்ட குறிகள் கிடைத்திருக்கின்றன. உறுதியாகப் படிக்க முடிந்தது மூன்றில் ஒரு பங்குதான். ஆன்யாங்கிலேயே சீன எழுத்துக்கென்று தேசிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. புதிதாக ஓர் எழுத்தைச் சரியாகப் படித்துக் காட்டினால் ஒரு லட்சம் யுவான் பரிசு என்று அவர்கள் அறிவித்தார்கள். உங்கள் பிள்ளைகளில் யாராவது மொழி படிக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். அங்கே இன்னும் வேலை கிடக்கிறது.

ஃபூ ஹாவின் கல்லறையைப் பற்றிப் பேசும் எல்லோரும் அவளுடைய போர்க் கோடரிகளைத்தான் சொல்வார்கள். ஒன்று ஒன்பது கிலோ எடை, அதன் முகத்தில் இரண்டு புலிகள் நடுவில் ஒரு மனிதத் தலை. 130-க்கும் மேல் ஆயுதங்கள். சரிதான். ஆனால் அதே குழியில் எலும்பில் செய்த கொண்டை ஊசிகள் 499 இருந்தன. பெரும்பாலானவற்றை ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஷாங் காலத்துக் கொண்டை ஊசிகள் சிலவற்றை அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தோம். விரல் பருமன்கூட இல்லை. தலையில் ஒரு சின்னப் பறவை, அலகும் கொண்டையும் தெரியச் செதுக்கியது. என் மகள் கண்ணாடிக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே, தன் தலையில் செருகியிருந்த பிளாஸ்டிக் ஊசியைக் கழற்றி, முடியை மறுபடி சுருட்டிச் செருகிக்கொண்டாள்.