அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

(தன்னார்வலர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும், கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, தாராளமாக வரலாம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். உதவித் திட்டங்களில் பெரும்பாலானவை இந்தப் பழமொழியை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. விண்ணப்பித்தால் கிடைக்கும். வரிசையில் நின்றால் கிடைக்கும். நாலு நடை நடந்தால் கிடைக்கும். ஆனால் யாருக்கு அது மிக அவசரமோ, அவரால் அந்த நாலு நடை நடக்க முடிவதில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர், துணையை இழந்தபின் கதவைச் சாத்திக்கொண்டவர், படிவத்தைப் படிக்கத் தெரியாதவர், கையேந்துவதே கேவலம் என்று நினைக்கும் மானஸ்தர். இவர்கள் அழமாட்டார்கள். பணம் இல்லாமல் நின்றுபோகிற உதவியைவிட, அலுவலகத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஆள் இல்லாமல் நின்றுபோகிற உதவிதான் அதிகம் என்பது என் கட்சி. தன்னார்வலர் நிற்க வேண்டியது அந்த நடுவில்தான்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஒரு கடும் வெப்ப அலை வந்தது. வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சில நாட்களுக்குள் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்துபோனார்கள். பணக்கார நாடு, பெரிய நகரம், ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. செத்தவர்களில் நிறைய பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருட்டுப் பயத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் உள்ளேயே இருந்தவர்கள். வெப்ப அவசரநிலைக்கென்று நகர நிர்வாகத்திடம் ஒரு திட்டமும் இருந்தது, காகிதத்தில். ஏட்டுச் சுரைக்காய். சில உடல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளக்கூட யாரும் வரவில்லை.

நான்கு வருடம் கழித்து, 1999-இல் மறுபடி வெப்ப அலை. இந்தத் தடவை தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நகராட்சி போன் செய்தது, ஆள் அனுப்பிக் கதவைத் தட்டியது, குளிர்ந்த கூடங்களைத் திறந்துவைத்து அங்கே போக பஸ்ஸும் விட்டது. சாவு எண்ணிக்கை சுமார் 110. அதுவும் சின்ன எண்ணிக்கை இல்லைதான். வெயிலும் இரண்டு தடவையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்திருக்காது. ஆனாலும் அந்த வித்தியாசத்தில் கதவைத் தட்டியதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது? அது யாருக்குத் தெரியும்? இதற்கு ஜப்பானில் ஒரு கதை சொல்வார்கள். 1918-ஆம் வருடம், ஒசாகா. அரிசி விலை எகிறி நாடு முழுக்கக் கலவரம் நடந்த வருடம் அது. ஹயாஷி இச்சிஸோ என்ற ஆளுநர் முடிவெட்டிக்கொள்ள ஒரு சலூனில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் இருக்கும் கண்ணாடியில், பின்னால் தெருவில் ஒரு அம்மாவும் ஒரு சிறுமியும் மாலைப் பத்திரிகை விற்றுக்கொண்டு நிற்பது தெரிகிறது. அவருக்கு மனசு கேட்கவில்லை. போலீஸ்காரர் ஒருவரை விட்டு விசாரிக்கச் சொல்கிறார். புருஷன் நோயில் படுத்துவிட்டான், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாங்க வழியில்லை, பள்ளிக்கூடம் நின்றுபோச்சு என்று தெரியவருகிறது. ஆளுநரின் கண்ணாடியில் விழுந்த குடும்பம் பிழைத்துக்கொள்ளும், விழாத குடும்பங்கள்? அந்த வருடமே ஒசாகாவில் பகுதிக்கு ஒருவராக, அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்களையே நியமித்தார்கள். அக்கம்பக்கத்து நிலவரத்தைத் தெரிந்து வைத்திருப்பது அவர்கள் வேலை.

அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது. மின்சே-இயின் என்பது அதன் இன்றைய பெயர். நாடு முழுக்கச் சுமார் 2,25,000 பேர். மூன்று வருடப் பதவிக்காலம். சம்பளம் கிடையாது, போக்குவரத்து மாதிரி கைச்செலவுக்கு மட்டும் கொடுப்பார்கள். ஆனால் அமைச்சரின் நியமன உத்தரவு கையில் இருக்கும், சட்டப்படி பொறுப்பும் உண்டு. எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தவை இரண்டு விதிகள். தெரிந்துகொண்ட குடும்ப விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒன்று. இந்தப் பொறுப்பைக் கட்சி வேலைக்கோ அரசியல் காரியத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று.

(கைதட்டல் பின்வரிசையில் இருந்துதான் வருகிறது. மேடையில் இருப்பவர்களும் தட்டலாம், தப்பில்லை.)

இந்த இரண்டாவது விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பான் வரை போகவும் வேண்டாம். ஆந்திராவில் 2019-இல் சுமார் 50 வீட்டுக்கு ஒரு தன்னார்வலர் என்று நியமித்து, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் கொடுத்து, ஓய்வூதியத்தை வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வைத்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள் என்ற புகார் கூடவே வந்தது. 2024 தேர்தல் நேரத்தில், தன்னார்வலர்கள் கையால் பணம் கொடுக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் தடை போட்டது. வாசலுக்கு வந்துகொண்டிருந்த பணத்துக்காக முதியவர்கள் மறுபடி வெயிலில் அலைய வேண்டியதாயிற்று. யார் சொன்னது நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. உதவி செய்கிற கையில் கட்சிச் சாயம் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே போதும், அடி விழுவது கிழவிக்குத்தான்.

ஒசாகாக்காரர்களும் சும்மா கண்டுபிடித்துவிடவில்லை, ஜெர்மனியைப் பார்த்திருந்தார்கள். அங்கே எல்பர்ஃபெல்ட் என்று ஒரு நெசவுத் தொழில் நகரம். 1853-இல் நகராட்சியே ஊரைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சம்பளமில்லாத ஒரு பொறுப்பாளரை நியமித்தது. ஒருவர் கையில் நான்கு வீட்டுக்கு மேல் கிடையாது. பொறுப்பாளர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், உதவியையும் இரண்டு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள், அப்புறம் மறுபடி போய்ப் பார்ப்பார்கள். கெடுபிடியும் நிறைய இருந்தது. வீட்டுக்குள் புகுந்து துருவித் துருவிக் கேட்பார்கள். அந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வீடு என்ற கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்களில் ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் முதல் வாரம் ஐம்பது வீட்டுக்குப் பெயர் கொடுப்பார்கள், மூன்றாம் வாரம் போனை எடுக்க மாட்டார்கள். நான்கு வீட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவர் எனக்குப் போதும்.

இனி வாசலுக்கு வருவோம். அங்கே போய் நின்று "உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்காதீர்கள். பத்தில் எட்டுப் பேர் "ஒண்ணும் வேண்டாம்பா, நல்லாத்தான் இருக்கோம்" என்பார்கள். அது மானம் பேசுகிற பேச்சு. அதற்குப் பதிலாக, "ராத்திரி திடீர்னு உடம்புக்கு முடியலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?" என்று கேளுங்கள். வெட்டிப் பாதியாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மாத மருந்து இரண்டு மாதம் வரும் என்று.

அலுவலகத்துக் காகிதம் ஏதாவது இருந்தால், கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையில், பழைய ரசீதுகளோடு சேர்ந்து கிடக்கும். ஒரு அம்மாவுக்கு ஓய்வூதியம் நின்று மாதக்கணக்காகிவிட்டது. அரசாங்கமே நிறுத்திவிட்டது போல என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, சாப்பாட்டை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டார். பையைப் பிரித்துப் பார்த்தால், ஒரு அட்டையில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து, இன்னொன்றில் கணவரின் முதல் எழுத்து. விஷயம் அவ்வளவுதான். அதைத் திருத்தக் கேட்டு அலுவலகம் அனுப்பிய கடிதமும் அதே பைக்குள் பிரிக்காமலே இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது, பிரித்துப் படித்துச் சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை.

இந்த மாதிரி விஷயத்தில் தன்னார்வலர் செய்ய வேண்டியது சின்ன வேலை, அலுப்பான வேலையும்கூட. கூடப் போக வேண்டும். மனு கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகரக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம்தான் பிடி. அந்த அம்மாவுக்காக நீங்கள் பேசாதீர்கள், அவரையே பேசவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ, அவரே நீட்டினாலும் வாங்கக் கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு நாள் கணக்கு இடித்தால் உங்கள் பெயர்தான் அடிபடும்.

அப்புறம் இந்தப் போட்டோ. ஒரு பையைக் கொடுக்கப் பத்துப் பேர் கைவைத்து, வாங்குகிற பாட்டியையும் கேமராவைப் பார்க்கச் சொல்லி... விடுங்கள், இதற்கு மேல் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

இப்போது மன்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்புகிறேன். ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது, இங்கிலாந்தில் அரசு சுகாதாரச் சேவைக்கு உதவ 2,50,000 தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். சில நாட்களிலேயே ஏழரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலையும் வராமல் காத்துக் கிடந்தார்கள். மனசு இருந்தது, அதை வேலையாக மாற்றித் தரும் ஏற்பாடு வேகமாக நகரவில்லை. அதே நேரத்தில் தெருவுக்குத் தெரு அக்கம்பக்கத்தார் தாங்களே குழு அமைத்து மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏற்பாடு சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் இருக்கிறது. தீராத நோயில் வீட்டோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள, 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தொடங்கியது. பிறகு அது ஊர் ஊராகப் பரவியபோது, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டே மணி நேரம். 2008-இல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது, உள்ளாட்சிகளையும் உள்ளே இழுத்தது. இன்று பஞ்சாயத்து செலவு செய்கிறது, பயிற்சி பெற்ற நர்ஸ் வீட்டுக்குப் போகிறார், புண்ணுக்கு மருந்து போடுகிறார். கூடவே போகும் தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார், பிள்ளைகளின் படிப்பு என்னாச்சு என்று விசாரிக்கிறார். நர்ஸின் வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் எனக்கு உள்ள பெரிய பயமே அதுதான். தன்னார்வலர் கிடைத்துவிட்டார் என்றதும், காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிற புத்தி எந்த நிர்வாகத்துக்கும் வரும். இலவசமாக ஒருவர் செய்கிறபோது சம்பளத்துக்கு எதற்கு ஆள் என்ற கணக்கு. தன்னார்வலர்களை மட்டுமே நம்பிய எல்பர்ஃபெல்ட் முறையே ஒரு கட்டத்தில் ஓட முடியாமல் திணறியது. நகரங்கள் பெருத்தன, தொழிலாளர்கள் அடிக்கடி வீடு மாறினார்கள், ஓய்வு நேரத்தில் வந்து பார்ப்பவரால் எதையும் தொடர்ந்து கவனிக்க முடியவில்லை. 1905 வாக்கில், அன்று ஜெர்மனியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகராட்சி, சம்பளம் வாங்கும் ஊழியர்களை மையத்தில் வைத்து, தன்னார்வலர்களை அவர்களோடு சேர்த்து வேலை வாங்கியது. நூறு வருடத்துக்கு முந்தைய பாடம், நாம் இன்னும் படிக்கவில்லை. ஜப்பானிலும் சுமை ஏற ஏறப் புது ஆட்கள் வரத் தயங்குகிறார்கள். 2022-இல் சுமார் 15,000 இடங்கள் காலியாகவே கிடந்தன. 2011 ஆழிப்பேரலையில் அந்தப் பொறுப்பில் இருந்த 50-க்கும் மேற்பட்டோர் உயிரையே விட்டார்கள். அதன்பிறகு, பேரிடரில் உங்கள் உயிரைக் காத்துக்கொள்வதுதான் முதல் வேலை என்று அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டி வந்தது.

ஆகவே மன்றத்திடம் கேட்பது கொஞ்சம்தான். தன்னார்வலர்கள் பேச ஒரு அதிகாரி, பெயரோடும் போன் நம்பரோடும். மாற்றலாகிப் போனால் அடுத்தவர் பெயர் அன்றைக்கே வர வேண்டும். கொண்டுவந்த விஷயத்துக்கு ஒரு வாரத்துக்குள் பதில், முடியாது என்பதாக இருந்தாலும் சரி. பஸ் செலவும் விபத்துக் காப்பீடும். யாருடைய விவரத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் பட்டியலில் ஏற்றுவதில்லை என்று ஒரு தீர்மானம். மாதம் ஒருமுறை கூடி, எந்த மனு எங்கே நிற்கிறது என்று வரிசையாகப் படிப்பது. பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் எங்களுக்கு வேண்டாம், அந்தச் செலவைக் காப்பீட்டில் போடுங்கள்.

வாசல் மேசையில் தெருவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறோம். நீங்கள் குடியிருக்கும் தெருவுக்கு நேரே மட்டும் பெயர் எழுதுங்கள், நான்கு வீட்டுக்கு மேல் எழுத வேண்டாம். மன்றத் தலைவர் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பதாகச் சொன்னார், அந்த அதிகாரியின் பெயரை இப்போதே கேட்டுவிடலாம். மைக்கை அவரிடம் கொடுக்கிறேன்.