செயல்முறையைப் படமாக்க எந்தக் குறியீடு?

நேயர்களுக்கு வணக்கம். தம் நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படமாக வரைந்து வைக்க முற்படுகிறவர்கள், எந்தக் குறியீட்டு முறையைப் பின்பற்றலாம், எந்த மென்பொருளை வாங்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்தப் படத்தைக்கொண்டு எதைக் கண்டறியப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு குறியீட்டு முறையும் வரைபவரைச் சில கேள்விகளைக் கேட்கச் செய்கிறது; வேறு சில கேள்விகளைக் கேட்காமலே கடந்துபோக விட்டுவிடுகிறது.

ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921ஆம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த செயல்முறை வரைபடம் பின்னர் 1947இல் தரப்படுத்தப்பட்டபோது, செய்தல், எடுத்துச் செல்லுதல், சோதித்தல், காத்திருத்தல், சேமித்து வைத்தல் என ஐந்தே குறிகள் அதில் இருந்தன. காத்திருத்தலுக்கென்று தனிக் குறி இருப்பதே அதன் பலம். ஒரு கோப்பு எந்த மேசையில் தேங்குகிறது என்பது மட்டுமே உங்கள் கவலை என்றால், இன்றைக்கும் அந்த ஐந்து குறிகளும் ஒரு பென்சிலும் போதும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் பேராசிரியர் ஷீரின் குழு உருவாக்கிய நிகழ்வுச் சங்கிலி முறையோ, எது நிகழ்ந்ததால் இந்த வேலை தொடங்கியது, இது முடிந்ததும் என்ன நிலை உண்டாகிறது என்று ஒவ்வொரு படியிலும் கேட்கிறது. இப்போது பரவலாகப் பயன்படும் பிபிஎம்என் (Business Process Model and Notation) என்ற குறியீட்டு முறை 2004இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளியாகி, 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. அது வற்புறுத்திக் கேட்கும் கேள்வி, இந்த வேலை யாருடைய பொறுப்பு என்பதாகும்.

வங்கி நகைக்கடனை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் நகையுடன் வருகிறார்; கவுன்டரில் அடையாளச் சான்றுகள் சரிபார்க்கப்படுகின்றன; மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்த்து, கல் எடையைக் கழித்து, நிகர எடையை எழுதுகிறார்; அதிகாரி ஒப்புதல் தருகிறார்; நகை பையிலிடப்பட்டு முத்திரையுடன், இருவர் சாவி இருந்தால்தான் திறக்கும் பெட்டகத்துக்குப் போகிறது. சாதாரண ஃப்ளோசார்ட்டில் இதைச் சில கட்டங்களிலும், ஆம், இல்லை என்று வழி பிரியும் ஓரிரு வைர வடிவக் குறிகளிலும் அடக்கிவிடலாம். பார்ப்பதற்கு வேலை முடிந்துவிட்டது போலவே இருக்கும்.

பிபிஎம்என் முறையில் வரைய உட்கார்ந்தால், மதிப்பீட்டாளரை எங்கே நிறுத்துவது என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். பல கிளைகளில் அவர் வங்கி ஊழியர் அல்லர். கமிஷன் பெற்றுக்கொண்டு வேலை செய்யும் வெளியாள். இந்த முறையில் ஒரு நிறுவனத்தையோ வெளியாளையோ குறிக்கும் பெரிய கட்டம் பூல்; அதற்குள் ஒவ்வொருவரின் பொறுப்பையும் பிரித்துக் காட்டும் பட்டை லேன். அப்படியானால் அவர் வங்கியின் பூலுக்குள் ஒரு லேனில் இருப்பவரா, தனியான ஒரு பூலா? தனி பூல் என்றால், வேலையின் வரிசையைக் காட்டும் அம்புக்குறி அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. செய்தியைக் குறிக்கும், விட்டுவிட்டு வரைந்த கோட்டாலான அம்புக்குறி மட்டுமே போகலாம். உடனே, அவருக்கு எந்தத் தாள் போகிறது, யார் கையொப்பத்துடன் திரும்பி வருகிறது, அவர் எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது நகை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதியாக வேண்டும். பின்னாளில் தகராறு வந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பல கைகள் மாறும் வேலைகளுக்கு நான் பிபிஎம்என் முறையைப் பரிந்துரைக்கிறேன்.

அதற்காக எல்லா விதிகளையும் படத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நுகர்வுக்கான நகைக்கடன் 2.5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது உச்சவரம்பு. இதை வைரக் குறிகளாக வரைந்தால் படம் சிக்கலாகும். சுற்றறிக்கை மாறும்போதெல்லாம் படத்தையும் திருத்த நேரும். மூன்று வரிகள் கொண்ட முடிவு அட்டவணையாக அதைத் தனியே வைத்துவிடலாம். இதற்கென்றே டிஎம்என் (Decision Model and Notation) என்ற துணைத் தரம் 2015இல் வந்திருக்கிறது. ஆனால் அதே நெறிமுறைகளில், கடனை முழுமையாக அடைத்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இருப்பது படத்துக்குள்ளேயே வர வேண்டிய செய்தி. காலக்கெடுவுக்கென்று பிபிஎம்என் முறையில் கடிகாரக் குறி இருக்கிறது.

குறிகள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றனவே என்று அஞ்ச வேண்டாம். சுர் மியூலன், ரெக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் நடைமுறையில் வரையப்பட்ட படங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு படத்தில் சராசரியாக ஒன்பது வகைக் குறிகளே இடம்பெறுவதாகக் கண்டார்கள். ஊழியர்களுக்கு அந்த அளவு கற்றுத் தந்தால் போதும்.

வரையும் முறையிலும் கண்டிப்பு வேண்டும். இன்று நடப்பதை முதலில் வரையுங்கள். அதையும் கூட்ட அறையில் அல்லாமல் கவுன்டருக்கு அருகில் உட்கார்ந்து வரையுங்கள், ஏனெனில் மேலாளர் விதியைச் சொல்வார், எழுத்தர்தான் நடப்பைச் சொல்வார். கட்டத்துக்குள் “மதிப்பீடு” என்று எழுதாமல் “நகையை மதிப்பிடு” என்று எழுதுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு புளியங்கொட்டையைத் தொடக்கக் குறியில் வைத்து, அம்புக்குறிகளின் வழியே நகர்த்திப் பாருங்கள். கடன் மறுக்கப்பட்ட நகை வாடிக்கையாளர் கைக்குத் திரும்பும் வழி வரையப்படவே இல்லை என்பது போன்ற குறைகள் அப்போது தெரிந்துவிடும்.

கடன் வாங்கியவர் இறந்து, வாரிசுகள் வந்து நகையைக் கேட்கும் நிலை மட்டும் இந்தப் படங்களுக்குள் சரியாக அடங்குவதில்லை. எந்தச் சான்று முதலில் வரும், யார் ஆட்சேபம் தெரிவிப்பார்கள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அங்கே அம்புக்குறிகளை விட்டுவிட்டு, கட்டாயம் இருக்க வேண்டிய ஆவணங்கள் எவை, முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாட்களுக்குள் என்று ஒரு பட்டியலை எழுதி, அந்தப் படத்துடன் இணைத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.